அழிக்கிற கட்டளை ஒருத்தரின் கையில் மட்டும் இருக்கலாமா?

தோழர்களே,

இந்தக் கடிதம் உங்கட இன்பொக்ஸுக்கு வர முதல் எங்கட சேர்வரில் ஒரு வரிசையில் நின்றிருக்கும். சிலரின் கடிதம் இரண்டு விநாடி நின்றிருக்கும், சிலரின் கடிதம் அரை மணித்தியாலம். ஒரு சிலரின் கடிதம் நாள்கணக்காகவும் நிற்கும். இந்த முறை அந்த வரிசையைப் பற்றித்தான் எழுதுறன். "இது ஐரி வேலை, இதில என்ன அரசியல்?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ. அரசியல் வருது.

எங்கட குழுவில் இப்ப ஒரு விவாதம் ஓடுது: சொந்த மெயில் சேர்வரை மூடிவிட்டு, மாதக் காசு கட்டி ஒரு பெரிய அனுப்பும் சேவைக்குப் போவமா? மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவுநாள் அழைப்பை அனுப்பினபோது, ஒரு பெரிய நிறுவனத்தின் முகவரிகளுக்குப் போனதெல்லாம் தேங்கி நின்றது. 18ஆம் திகதி முடிந்த பிறகும் கொஞ்சம் வரிசையிலேயே கிடந்தது. அதற்குப் பிறகுதான் "இவ்வளவு கஷ்டம் எதுக்கு?" என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். என்ர நிலைப்பாடு: சேர்வரை மூட வேண்டாம். ஆனால் இப்ப நடத்துற மாதிரித் தொடர்ந்து நடத்தவும் வேண்டாம்.

வரிசை எப்படி ஓடுது

எங்கட சேர்வரில் ஓடுறது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்சே வெனேமா என்பவர் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் இருந்தபோது எழுதி, 1998 கடைசியில் வெளிவந்த திறந்த மூல மென்பொருள். அதை ஒரு தபாற்கந்தோர் என்று நினையுங்கோ. வந்து விழுற கடிதம் 'இன்கமிங்' என்ற பெட்டிக்குள் போகும். கொண்டுபோய்க் கொடுக்கக் கையில் எடுத்தது 'அக்டிவ்'. கதவு தட்டி, "இப்ப ஏலாது" என்று திருப்பி அனுப்பப்பட்டது 'டிஃபேர்ட்'. நிர்வாகி வேணுமென்று மறித்து வைத்தது 'ஹோல்ட்'.

மற்றப் பக்கச் சேர்வர் சொல்லுற பதில் இலக்கத்தில் வரும். 5இல் தொடங்கினால் "வரவே வேண்டாம்" என்று அர்த்தம். அந்தக் கடிதம் அனுப்பினவருக்கு உடனே திரும்பும். 4இல் தொடங்கினால் "பிறகு வா". அப்ப போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு ஐந்து நிமிடம் பொறுத்துத் திரும்பப் போகும். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் 4000 விநாடிக்கு ஒருதரம், அதாவது ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, போய்க் கதவு தட்டும். ஐந்து நாள் இப்படித் தட்டிப் பார்த்த பிறகுதான் "முடியேல்ல" என்று அனுப்பினவருக்குச் சொல்லும். நாங்கள் எதையும் மாற்றாவிட்டால் இடையில் ஒரு எச்சரிக்கையும் போகாது. ஐந்து நாளும் அவர் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

இந்த ஐந்து நாள் சும்மா வந்த கணக்கில்லை. நாலைந்து நாளாவது பொறுக்க வேணும் என்று இணையத்தின் அஞ்சல் விதிகளே சொல்லுது. பாதை அறுந்துபோகும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி அது. பலெர்மோவில் இருக்கிற எங்களுக்கு அது கிட்டத்துச் சங்கதி. 'சீ-மீ-வீ 4' என்ற கடலடிக் கேபிள் இந்த ஊரில் கரையேறுது. அதே கேபிள்தான் கொழும்பிலும் சென்னையிலும் கரையேறுது. 2008 டிசம்பர் 19ஆம் திகதி, கிளிநொச்சியைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில், சிசிலிக்கும் எகிப்துக்கும் இடையில் இந்தக் கேபிளும் வேறு கேபிள்களும் சேதப்பட்டன. அப்படி ஒரு நாளில், வேறு பாதை கிடைக்கும்வரை கடிதத்தைத் தொலையாமல் வைத்திருப்பது இந்த வரிசைதான்.

கறுப்புத் திரையில் இருக்கிற அதிகாரம்

இந்த வரிசையைக் கையாள மௌஸ் தேவையில்லை. கறுப்புத் திரையும் நாலைந்து கட்டளைகளும் போதும்.

'மெயில்கியூ' என்று அடித்தால் வரிசையில் நிற்கிற எல்லாம் தெரியும்: ஒவ்வொன்றின் அடையாள இலக்கம், எவ்வளவு பெரிசு, எப்ப வந்தது, யார் அனுப்பினது, யாருக்கு, ஏன் தேங்கினது. இலக்கத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால் அது இப்ப போய்க்கொண்டிருக்கு. ஆச்சரியக்குறி இருந்தால் யாரோ மறித்து வைத்திருக்கினம். 'கியூஷேப்' என்ற கட்டளை, எந்த நிறுவனத்தின் வாசலில் எத்தனை கடிதம் எவ்வளவு நேரமாக நிற்குது என்று அட்டவணை போட்டுக் காட்டும். மே மாதத்தில் அதைப் பார்த்தால் ஒரே ஒரு வரிதான் வீங்கிப்போய் இருந்தது.

'போஸ்ட்கியூ'வோடு 'எஃப்' போட்டால் வரிசை முழுவதையும் இப்பவே திரும்ப அனுப்பிப் பார்க்கும். பதட்டத்தில் எல்லாரும் அதைத்தான் திரும்பத் திரும்ப அடிப்பினம். ஆனால் மற்றப் பக்கம் "மெதுவா வா" என்று சொல்லும்போது இது கதவை இன்னும் பலமாக இடிக்கிற வேலை. தேங்கினது போகாது. நல்லாப் போய்க்கொண்டிருந்த மற்றக் கடிதங்களும் சுணங்கும்.

பெரிய அதிகாரம் 'போஸ்ட்சூப்பர்' என்ற கட்டளையில் இருக்கு. அதை நிர்வாகி மட்டும்தான் ஓட்டலாம். சின்ன 'எச்' போட்டால் கடிதம் மறிக்கப்படும். பெரிய 'எச்' போட்டு விடுகிறவரைக்கும் அது அசையாது. 'டி' போட்டால் அழியும். 'டி'யோடு, பெரிய ஆங்கில எழுத்துகளில், 'ஆல்' என்று அடித்தால் வரிசை முழுக்க அழியும். "நிச்சயமா?" என்று ஒருமுறைகூடக் கேட்காது. குப்பைத்தொட்டியும் இல்லை. எல்லாத்திலும் முக்கியம், 'டி' போட்டு அழித்தால் அனுப்பினவருக்கு ஒரு அறிவித்தலும் போகாது.

ஆக, அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிறவருக்கு மூன்று அதிகாரம் இருக்கு. யார் யாருக்கு எழுதினது என்று பார்க்கலாம். போகாமல் மறிக்கலாம். அனுப்பினவருக்குத் தெரியாமல் அழிக்கலாம். 'போஸ்ட்கட்' என்ற கட்டளையைப் போட்டால், பிஜிபியால் பூட்டாத கடிதத்தைத் திறந்தும் வாசிக்கலாம். எங்கட ஆக்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. கடிதத்தைப் பிரிக்கிறதும், செய்தியை மறிக்கிறதும் எப்பவும் அரசாங்கம் வைத்திருந்த அதிகாரங்கள். 2007 ஜூனில் தமிழ்நெற் தளத்தை இலங்கையில் மறித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். அதே அதிகாரம் எங்கட கைக்கு வந்திருக்கு. அதுக்கு நாங்கள் ஒரு விதியும் எழுதி வைக்கேல்ல.

யாருக்கு ஆபத்து

"எங்கட குட்டிச் சேர்வரை யார் பார்க்கப்போகினம்?" என்று ஒரு தோழர் கேட்டார். 2014 மார்ச்சில் இலங்கை அரசு வெளியிட்ட வர்த்தமானியில் 16 அமைப்புகளின் பெயரும் 424 தனிநபர்களின் பெயரும் இருந்தன. 2021இல் திரும்பவும் ஒரு பட்டியல் வந்தது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனையோ வாக்குறுதிக்குப் பிறகும் எத்தனையோ பேரின் வாழ்க்கையைத் தின்றிருக்கு. எங்கட வாசகர்களில் ஊரில் இருக்கிறவர்களும் இருக்கினம். தேங்கி நிற்கிற வரிசை என்பது அவர்களின் முகவரிப் பட்டியல். போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினபடியே விட்டால், அந்த இயந்திரத்தில் கணக்கு இருக்கிற யாரும் 'மெயில்கியூ' அடித்து அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். ஒரே ஒரு அமைப்பு வரியை மாற்றினால் அதை மூடலாம்.

இத்தாலியில் இதுக்கு ஒரு பாடம் இருக்கு. 2001இல் தொடங்கிய அவுதிஸ்திச்சி-இன்வெந்தாத்தி என்ற கூட்டு, இயக்கங்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் இலவச மெயில் கொடுத்து வருது. 2004 ஜூனில், ஒரு விசாரணையைக் காரணம் காட்டி, பொலிஸ் அவர்களின் சேர்வருக்குள் போனது. சேர்வரை வைத்திருந்த கொம்பனி அதை அவர்களுக்குச் சொல்லேல்ல. ஒரு வருசம் கழித்து, 2005 ஜூனில்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது. அந்தத் தோழர்கள் கடையை மூடவில்லை. சேவையைப் பல நாடுகளில் இருக்கிற பல சேர்வர்களுக்குப் பிரித்தார்கள். இதில் இருந்து நான் எடுக்கிற பாடம், எங்களிடம் கிடக்காத ஒன்றை ஒருத்தரும் எங்களிடம் இருந்து எடுக்க ஏலாது என்பது. வரிசையைச் சுருக்கமாக வைத்திருப்பதும் பாதுகாப்பு வேலைதான்.

அப்ப பெரிய சேவைக்கே போனால் என்ன?

எதிர்வாதத்தைச் சரியாகச் சொல்லுவம். சின்னச் சேர்வர் நடத்துறது வருசா வருசம் கஷ்டமாகுது. 2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டது. ஒரு நாளில் 5000 கடிதத்துக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அடையாளமும் காட்ட வேணும். கொஞ்சமாக அனுப்புகிற எங்களுக்கும் சில விதிகள் உண்டு. ஸ்பாமைத் தடுக்க இதெல்லாம் தேவைதான். ஆனால் வாசலில் நிற்கிறவர் ஒரு சில கொம்பனிகள் என்பதும் உண்மை. கவனிக்க ஆள் இல்லாத சொந்தச் சேர்வர், நல்லாப் பூட்டின பெரிய கொம்பனியை விட ஆபத்து என்பதையும் நான் மறுக்கேல்ல.

ஆனால் பெரிய சேவைக்குப் போனால் வரிசை இல்லாமல் போகாது. அங்கேயும் வரிசை இருக்கும், அங்கேயும் மறிக்கிற, அழிக்கிற கட்டளை இருக்கும். எங்களால் பார்க்க ஏலாது, அவ்வளவுதான். மே மாதத்தில் எது தேங்கினது, ஏன் தேங்கினது என்று எங்களுக்குத் தெரிந்ததே 'மெயில்கியூ' அடிக்க முடிந்ததால்தான். அதனால்தான் தேங்கினவர்களுக்கு வட்ஸ்அப்பிலும் ரெலிபோனிலும் அழைப்பைச் சொல்ல முடிந்தது.

சிசிலியில் இந்த எண்ணம் பழசு. 1970 மார்ச்சில் பார்தினிகோவில் தனிலோ டொல்ச்சியும் தோழர்களும் சொந்தமாக ஒரு வானொலி நடத்தினார்கள். 1968 பூமியதிர்ச்சியில் வீடிழந்து இன்னும் தகரக் கொட்டிலில் கிடந்த பெலிச்சே மக்களின் குரலைச் சொல்ல. ஒரு நாளுக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் பொலிஸ் வந்து மூடியது. 1977இல் பெப்பினோ இம்பஸ்தாத்தோ தெர்ராசினியில் 'ராடியோ அவுத்' தொடங்கினார். ஊர் மாஃபியாத் தலைவரைப் பெயர் சொல்லி நக்கலடித்தார். அடுத்த வருசம் மே 9இல் அவரைக் கொன்றார்கள். அனுப்புற கருவி யாரிடம் இருக்கு என்பதை அவர்கள் சின்ன விசயமாக எடுக்கவில்லை.

ஒரே ஒரு அண்ணை

எங்கட உண்மையான பிரச்சினை வேறு இடத்தில் இருக்கு. இந்தக் கட்டளைகள் தெரிந்தவர் குழுவில் ஒரே ஒரு அண்ணைதான். பகலில் ஹோட்டல் குசினி, இரவு சேர்வர். சம்பளம் இல்லை, நன்றிகூடப் பெரிசா இல்லை. மே மாதம் விடியப்புறம் இரண்டு மணிக்கு, பழசெல்லாம் குப்பை என்று நினைத்து வரிசை முழுவதையும் அழித்தார். அதுக்குள் எங்கட அக்கா ஒருத்தர் ஒரு குடும்பத்துக்கு வழக்கறிஞரின் விபரம் எழுதி அனுப்பின கடிதமும் இருந்தது. திரும்பி வராதபடியால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே அக்கா நினைத்திருந்தா. அந்தக் குடும்பம் கேட்டபிறகுதான் தெரிந்தது. இதுக்கு அண்ணையைக் குறை சொல்லுறது அநியாயம். களைத்துப்போன ஒரு மனுசனிடம் எல்லாத்தையும் விடுகிற முறை எங்க இருந்தாலும் இப்படித்தான் முடியும்.

அதால நான் வைக்கிற முன்மொழிவுகள் இவை:

1. குறைந்தது நாலு பேருக்கு இந்தக் கட்டளைகள் தெரிய வேணும். அதில் பாதிப்பேர் பெண்கள். மாதம் ஒருத்தர் என்று பொறுப்பு மாறி மாறி வரவேணும்.

2. சந்தேகம் என்றால் அழிக்காமல் மறியுங்கோ. அழிக்க இரண்டு பேரின் சம்மதம் வேணும். 'ஆல்' போட்டு முழுவதையும் அழிக்கிறது தடை.

3. ஒரு கடிதத்தைக் கைவிடத்தான் வேணும் என்றால் 'டி' வேண்டாம், 'இ' போடுங்கோ. போஸ்ட்ஃபிக்ஸ் 3.5 பதிப்பில் இருந்து அது இருக்கு. கடிதம் அடுத்த முயற்சியில் காலாவதியாகி அனுப்பினவருக்குத் திரும்பும். அவருக்கு விசயம் தெரியும். வேறு வழி பார்ப்பார்.

4. நாலு மணித்தியாலம் தேங்கினால் அனுப்பினவருக்கு எச்சரிக்கை போகிற மாதிரி அமைப்பை மாற்றுவம். ஐந்து நாள் மௌனம் வேண்டாம்.

5. கடிதத்தின் உள்ளடக்கத்தை எழுதினவரின் அனுமதி இல்லாமல் திறக்கக்கூடாது. உறையை மட்டும் பார்க்க 'போஸ்ட்கட்'டில் தனித் தெரிவு இருக்கு, அது போதும். 'மெயில்கியூ' பார்க்கும் உரிமை பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு மட்டும்.

6. யார், எப்ப, எதை, ஏன் மறித்தார் அல்லது கைவிட்டார் என்று ஒரு கொப்பியில் எழுத வேணும். பெறுநரின் பெயர் அதில் வரக்கூடாது.

இதைச் செய்ய எங்களால் ஏலாது என்றால், நாலு பேர்கூட முன்வராவிட்டால், அப்ப மூடுவம். அதையும் நான் நேராகவே சொல்லுறன். ஒரு அண்ணையின் நித்திரையில் ஓடுற சேர்வரைச் 'சுயாதீனம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு விடுங்கோ. கூட்டத்துக்குப் பிறகு ஒரு பழைய மடிக்கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, பொய்க் கடிதங்களால் வரிசையை நிரப்பி வைக்கிறன். ஆளுக்கு ஒருதரம் மறித்து, விட்டு, திருப்பி அனுப்பிப் பழகலாம். ஐரி படித்தவராக இருக்கத் தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். வருகிறவர்கள் இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கோ. இரண்டு நாளில் என்னிடம் இருந்து ஒன்றும் வரேல்ல என்றால், ரெலிபோன் எடுங்கோ.

தோழமையுடன்,
பலெர்மோவில் இருந்து