பூண்டுத் தோலைத் தூக்கிப் போடாதீங்க பாஸ்!

உங்க காலேஜ் பேகை ஒரு தடவை தலைகீழா கவுத்துங்க. என்னென்ன விழுது? கசங்கின பஸ் டிக்கெட் நாலு, கேன்டீன் டோக்கன் ரெண்டு, மூடி தொலைஞ்ச ஸ்கெட்ச் பேனா, பாதி கிழிஞ்ச ஜெராக்ஸ், எப்பவோ சாப்பிட்ட மிட்டாயோட கவர். குப்பைனு நினைச்சா குப்பை. ஆனா நம்ம இந்த வார மேட்டரே அந்தக் குப்பைதான்!

'ஆர்ட் ஜர்னல்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. டைரிக்கும் டிராயிங் நோட்டுக்கும் கல்யாணம் ஆகி பிறந்த பிள்ளை அது. எழுதலாம், வரையலாம், ஒட்டலாம், கிழிக்கலாம், ஊசி நூல் எடுத்துத் தைக்கக்கூடச் செய்யலாம். ஒரே பக்கத்துல பெயின்ட், பேப்பர், துணி, நூல்னு கலந்துகட்டி அடிச்சா அதுக்குப் பேர் 'மிக்ஸட் மீடியா'.

"அதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் மாப்ள, காசு ஜாஸ்தி ஆகும்"னு நழுவாதீங்க. தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்த்திருக்கீங்கல்ல? பலகையில துணி ஒட்டி, சுண்ணாம்பும் பசையும் குழைச்சு மேடு கட்டி, கண்ணாடிக் கல் பதிச்சு, மேல தங்கத்தாள் ஒட்டுறாங்க. இது மிக்ஸட் மீடியா இல்லாம வேற என்ன? அவ்வளவு ஏன், உங்க அம்மாவோட கோல நோட்டைத் தேடி எடுங்க. பேனாவுல வெச்ச புள்ளி, பென்சில்ல போட்ட சிக்கு, மார்கழி மாசப் பத்திரிகையில வெட்டி ஒட்டின ரங்கோலி, ஓரத்துல பால் கணக்கு. அசல் ஆர்ட் ஜர்னல்! இன்னிக்குக் கடையில 'புல்லட் ஜர்னல்'னு புள்ளி வெச்ச நோட்டை விலை கொடுத்து வாங்குறோம். அந்த முறையை அமெரிக்காவுல ரைடர் கரோல் வெளியிட்டது 2013-ல. நம்ம அம்மாக்கள் அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே புள்ளி வெச்சுட்டாங்க!

குப்பையும் கோபுரம் ஏறும்

1912-ல பிக்காசோ ஒரு வேலை பண்ணார். நாற்காலியோட பிரம்புப் பின்னலைக் கஷ்டப்பட்டு வரையாம, அந்த டிசைன் அச்சடிச்ச ஆயில் கிளாத்தை அப்படியே ஓவியத்துல ஒட்டிட்டார். ஃப்ரேமுக்கு? சுத்தி ஒரு கயிறு! அது இப்போ பாரிஸ்ல இருக்கிற அவர் பேர் கொண்ட மியூசியத்துல இருக்கு. முதல் உலகப்போர் முடிஞ்சு நாடே நொறுங்கிக் கிடந்தப்போ, 1919-ல ஜெர்மனிக்காரர் கர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் பேப்பர் துண்டுகளையும் பொறுக்கி ஒட்டி ஓவியம் ஆக்கினார். அதனால உங்க பஸ் டிக்கெட்டை இனிமே கொஞ்சம் மரியாதையா நடத்துங்க.

வடுகபட்டி ஸ்பெஷல்

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பெரியகுளம் பக்கத்துல இருக்கிற வடுகபட்டின்னாலே பூண்டுதான். கொடைக்கானல் மேல்மலை கிராமங்கள்ல விளையுற பூண்டு இங்கே இறங்கும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு! சந்தை அன்னிக்குப் போனா காலடியில எல்லாம் தோல் பறக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. நீங்க பாருங்க. வெள்ளையா, சிலதுல ஊதாக் கோடு ஓடி, டிரேசிங் பேப்பர் மாதிரி மெலிசா இருக்கும். ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சு, பிரஷ்ஷால தடவி, எழுத்து மேல இந்தத் தோலை ஒட்டுங்க. கீழே இருக்கிற எழுத்து பனிமூட்டத்துல தெரியுற கொடைக்கானல் மலை மாதிரி மங்கலாத் தெரியும். ஃபெவிகாலை அள்ளி அப்பினா மட்டும் பேப்பர் ஈரத்தைக் குடிச்சு சுருங்கிடும். மெலிசா தடவி, காய்ஞ்சதும் மேல ரெண்டு தடி புக்கை வெச்சிடுங்க. அதுக்காகத்தானே செமஸ்டர் பூரா அந்த புக்கைச் சுமக்கிறோம்!

இன்னொரு விஷயம் கேட்டா அசந்துடுவீங்க. பூண்டுச் சாறு ஒரு பசை! பழைய ஐரோப்பாவுல தங்கத்தாள் ஒட்ட இதைப் பயன்படுத்தியிருக்காங்க. இத்தாலி ஓவியர் சென்னினோ சென்னினி எழுதின ஓவியக் கையேட்டுலயே இந்தக் குறிப்பு இருக்கு. பூண்டை இடிச்சு, துணியில வடிகட்டி, சாறால எழுதிக் காய விடுங்க. அப்புறம் அது மேல 'ஹா'ன்னு வாயால ஊதுங்க. மூச்சோட ஈரத்துல திரும்பவும் ஒட்ட ஆரம்பிக்கும். உடனே மெல்லிசான தங்கக் கலர் தாளை வெச்சு அழுத்தி, மிச்சத்தைப் பிரஷ்ஷால தட்டி விட்டா, எழுத்து மட்டும் ஜொலிக்கும். சாக்லேட் சுத்தின தாள் தடிமன், ஒட்டாது. தஞ்சாவூர் ஓவியச் சாமான் கடையில கேட்டா மெல்லிசான தாள் கிடைக்கும். முக்கியமான விஷயம்: ஹாஸ்டல் ரூம்ல இதைச் செஞ்சா ரூம்மேட் ஓடிப் போறதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல!

கெமிஸ்ட்ரி கைகொடுக்கும்

பக்கம் பூரா மஞ்சள் தண்ணி பூசிக் காய விடுங்க. வெத்தலைச் சுண்ணாம்பைத் தண்ணியில கரைச்சு, தெளிஞ்ச தண்ணியைத் தொட்டு எழுதுங்க. செக்கச்செவேல்னு எழுத்து வரும். ஆரத்தித் தட்டுல நடக்குற அதே மாயம்தான். மஞ்சள்ல இருக்கிற குர்குமின், காரம் பட்டா சிவக்கும். மேல எலுமிச்சைச் சாறு தொட்டா மறுபடி மஞ்சள்! வெயில்ல காட்டினா மட்டும் சீக்கிரம் வெளுத்துடும். நோட்டை மூடி வைங்க. சுண்ணாம்பு கண்ணுல படாம பார்த்துக்கங்க.

அடுத்தது, மெழுகுவர்த்தியால வெள்ளைப் பேப்பர்ல எழுதி, மேல வாட்டர் கலர் அடிங்க. மெழுகு இருக்கிற இடத்துல தண்ணி ஒட்டாது, எழுத்து பளிச்சுனு எட்டிப் பார்க்கும். பாட்டிக் துணியோட ரகசியமும் இதுதான். ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியாத காலத்துல, கே.சி.எஸ். பணிக்கரோட சேர்ந்த சென்னை ஓவியர்கள் பாட்டிக் மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்தாங்க. அந்தக் காசு, 1966-ல சோழமண்டல் ஓவியர் கிராமம் உருவாகக் கைகொடுத்தது. மெழுகு சோறும் போட்டிருக்கு!

சரி, "இதுக்கு எத்தனை மார்க்?" அதானே கேட்கிறீங்க? ஜீரோ! அதுதான் இதுல இருக்கிற சுகமே. நம்ம ரெக்கார்டு நோட்டுல ஒரு கோடு கோணினா 'ரிப்பீட்'னு சிவப்பு மையில விழும். அதைப் பார்த்துப் பார்த்தே, தப்பாப் போற எந்த வேலையையும் தொட பயம் வந்துடுது. 'எனக்கு வரைய வராது'ன்னு சொல்ற பாதிப் பேருக்கு வராதது ஓவியம் இல்லை, தைரியம். தாகூரைப் பாருங்க. 1924 வாக்குல கவிதை எழுதுறப்போ அடிச்சுத் திருத்தின இடங்களைக் கோடு போட்டு இணைச்சார். அது பறவையாச்சு, விநோத மிருகமாச்சு. 1930-ல பாரிஸ்ல கண்காட்சி வெச்சப்போ அவருக்குக் கிட்டத்தட்ட 69 வயசு. அடித்தல்தான் அவரை ஓவியர் ஆக்குச்சு. உங்க நோட்டுல மை கொட்டினா கிழிச்சு எறியாதீங்க. அதுக்கு ஒரு வால் வரைங்க.

சீரியஸா ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். வடுகபட்டியில வளர்ந்த வைரமுத்து எழுதி, 2003-ல சாகித்ய அகாடமி விருது வாங்கின நாவல் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. வைகை அணைக்காக ஊரையே விட்டுக் கிளம்பின ஜனங்களோட கதை. 1959-ல அணை திறந்தாச்சு. வீடு, வாசல், தெரு எல்லாம் தண்ணிக்குள்ள. அங்கே விளைஞ்ச ஒரு கதிரை, ஒரு வீட்டுச் சுவரோட சுண்ணாம்புத் துணுக்கை யாராவது நோட்டுல ஒட்டி வெச்சிருந்தா இன்னிக்கு அதோட மதிப்பு என்ன? நாமளும் நாலு வருஷத்துல காலேஜைக் காலி பண்ணப் போறவங்கதான். போன்ல ஆயிரம் போட்டோ இருக்கும். ஆனா போட்டோவுல பூண்டு மணக்காது. சொரசொரப்பைத் தடவிப் பார்க்க முடியாது.

இந்த வார ஹோம் ஒர்க்: பழைய லாங் சைஸ் நோட்டு ஒண்ணு. ஏழு நாள், ஏழு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு குப்பை, அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு வரி. காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது, இதுதான் ரூல். யாருக்கும் காட்டணும்னு அவசியமும் இல்லை. ஏழாவது பக்கம் கண்டிப்பா அசிங்கமா இருக்கட்டும்!

அடுத்த வாரம் பார்க்கலாமா? பை பை!