முழங்காலுக்கு ஒன்பது மாதம் பொறுக்க மாட்டோமா?

போடி வட்டாரத்துப் பெற்றோரே,

பிள்ளை கப் வாங்கி வந்தால் தெருவுக்கே காட்டிப் பெருமைப்படுகிறோம். அதே பிள்ளை அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்தால் என்ன செய்கிறோம்? "அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்கிறோம். ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போடுகிறோம். பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். "கால்ல குறை வந்துட்டா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அவள் காதுபடவே பேசுகிறோம். காயம் ஆறிவிடும். இந்தப் பேச்சு ஆறாது.

வைத்தியத்திலாவது ஒழுங்காக இருக்கிறோமா? கபடியில் ரெய்டு போன பையன் காலை ஊன்றித் திரும்பும்போது முழங்காலில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கிறது. ராத்திரிக்குள் வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரே எடுக்கிறோம், எலும்பு நன்றாக இருக்கிறது. ஒன்றுமில்லை என்று எண்ணெய்க் கட்டுப் போட்டு விட்டுவிடுகிறோம். ஜவ்வு கிழிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். வீக்கம் வடிந்ததும் அடுத்த டோர்னமென்ட்டுக்கு அனுப்புகிறோம். முழங்கால் மறுபடி பிசகுகிறது. கிழிந்த ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவரே மைதானத்துக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் வேண்டும். அதுவும் பிசியோதெரபியை விடாமல் செய்தால்தான். ஏலச்செடி நட்டுக் காய் பறிக்க இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம். பெற்ற பிள்ளையின் முழங்காலுக்கு ஒன்பது மாதம் பொறுக்க மாட்டோமா?

பழைய ஆட்டத்துக்கு இனி திரும்பவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால்? அப்போதும் கதை முடிந்துவிடவில்லை. முரளிகாந்த் பேட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தன. குத்துச்சண்டை அதோடு போயிற்று. உடம்பு தேறுவதற்காகத்தான் தண்ணீரில் இறங்கினார். 1968இல் டெல் அவிவ் பாராலிம்பிக்கில் மேசைப்பந்து ஆடினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

அது பழைய கதை என்பீர்களா? அரியானாவின் சுமித் அன்டிலைப் பாருங்கள். அப்பாவை இழந்து, அம்மா வளர்த்த பிள்ளை. மல்யுத்தம்தான் அவர் கனவு. 2015இல் பைக்கில் போகும்போது விபத்தில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். மல்யுத்தத்தை விட்டவர், செயற்கைக் காலோடு ஈட்டியை எடுத்தார். டோக்கியோ பாராலிம்பிக்கில் ஒரே போட்டியில் மூன்று முறை உலக சாதனையைத் தாண்டி 68.55 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார்; 2024 பாரிஸில் 70.59 மீட்டர் எறிந்து மறுபடியும் தங்கம். அந்த அம்மா மகனை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

நம் சேலத்து மாரியப்பனை மட்டும் மறக்கலாமா? ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. காய்கறி விற்ற தாய் கடன் வாங்கி வைத்தியம் பார்த்தார். பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த மகனை உயரம் தாண்டச் சொன்னவர் உடற்கல்வி ஆசிரியர். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்குப் போனால்தான் அன்றைய கூலி என்பது எனக்குத் தெரியாததல்ல. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் தினமும் போக வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தால், காலை நீட்டித் தூக்கும் பயிற்சியைப் பிள்ளை வீட்டுப் பாயிலேயே செய்யலாம். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்ல நமக்குக் காசு செலவில்லை. கால் பழையபடி ஆகாது என்றால் உடற்கல்வி ஆசிரியரிடம் போய் வேறென்ன விளையாடலாம் என்று கேளுங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, விசாரியுங்கள்.

இனி விளையாடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். சரியான வைத்தியம் பார்ப்பதும், குத்திக் காட்டாமல் வாயைக் கட்டுவதும்தான் நம் வேலை. அதை முதலில் செய்வோம்.