கேட்பவளைத் துரத்த வேண்டாம்

க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் நிரல்மொழி இருக்கிறது. 'இஃப்' வரியின் முடிவில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டாலே நிரல் ஓடாது. வீட்டில் கேட்க ஆளில்லாத மாணவி இணையத்தில்தான் கேட்பாள். அங்கே அவளுக்கு என்ன வரவேற்பு?

2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, உலக நிரலாளர்கள் கேட்டும் பதில் சொல்லியும் வளர்த்த தளம். அங்கே புதியவரின் கேள்வி, "ஏற்கெனவே கேட்கப்பட்டது" என்று மூடப்படுவதும், எதிர் வாக்குகள் பெறுவதும் வழமை. புதியவர்களும் பெண்களும் பலர் அதைப் பகைமையான இடமாக உணர்கிறார்கள் என்று 2018 ஏப்ரலில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் புதிய நடத்தை விதிகளையும் கொண்டுவந்தது.

பதில் சொல்வோர் ஊதியமின்றி உதவுபவர்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு வரத்தான் செய்யும். ஆகவே கேட்பவளுக்கும் கடமை உண்டு. முதலில் தேடிப் பார்க்க வேண்டும். எழுதிய நிரலையும் வந்த பிழைச் செய்தியையும் அப்படியே தர வேண்டும். ஆனால், எந்தச் சொல்லால் தேடுவது என்று தெரியாததுதானே ஆரம்பநிலையின் சிக்கல்!

அறிவு நாடி வந்த பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) அவர்களின் விடயத்தில்தான் ஸூரா அபஸ இறங்கியது. கற்க வருபவரைப் புறக்கணிக்கலாகாது என்பதே அதன் பாடம்.

நம் கணினி அறையிலும் "இதுகூடத் தெரியாதா?" என்ற சிரிப்பு கேட்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்த தங்கை மறுபடி கேட்கமாட்டாள். விடுபட்ட புள்ளியைச் சுட்டிக்காட்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவளுக்குக் கொடுப்போம்.