உலாவிக்கு எதற்கு இத்தனை வசதி?

போன வாரம் மின்கட்டணம் கட்டக் கணினி முன் உட்கார்ந்தேன். உலாவியைத் திறந்ததும், ‘புதிய வசதிகளைப் பார்க்கிறீர்களா?’ என்று ஒரு பெட்டி. மூடினால், கூப்பன் வேண்டுமா என்று இன்னொன்று. வலது ஓரத்தில் ஓர் உதவியாளர், நான் எழுத வேண்டியதை அதுவே எழுதித் தருமாம். என்னுடையது 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய இயந்திரம். செல்போனில் ஓடிபி வந்த நேரம் பார்த்து உறைந்து நின்றது. அது அசைவதற்குள் ஓடிபி காலாவதி.

உலாவிக்குப் பிரெஞ்சில் ‘நாவிகாத்தேர்’ என்று பெயர். கப்பல் செலுத்துபவன் என்று பொருள். நம்ம மாலுமி கப்பலிலேயே ஹோட்டலும் துணிக்கடையும் வைத்துவிட்டான். கரை சேர்வதுதான் தாமதமாகிறது.

இந்த வியாதி புதிதல்ல. 1997இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரில் மின்னஞ்சல், செய்திக்குழு, வலைப்பக்கம் தயாரிக்கும் கருவி எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. அதன் வழிவந்த மொசில்லா தொகுப்பும் அப்படியே. 2002இல் டேவ் ஹையட், பிளேக் ராஸ் முதலிய சிலர் அதிலிருந்து உலாவியை மட்டும் தனியே பிரித்தெடுத்து ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் இரண்டு முறை மாறி, 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது. கூடுதலாக ஏதும் வேண்டுமென்றால் நாமே நீட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இளைத்ததால் பிழைத்த பிள்ளை அது. அந்தப் பிள்ளையே பத்து வருடம் கழித்து ‘ஹலோ’ என்று வீடியோ அழைப்பையும், 2015இல் ‘பாக்கெட்’டையும் உள்ளே ஏற்றிக்கொண்டது. ஹலோவை 2016இலேயே எடுத்துவிட்டார்கள். பாக்கெட் சேவையே 2025இல் மூடப்பட்டது. யாருக்காகச் சுமந்தார்கள்?

எல்லா எடையும் வீண் என்று நான் சொல்லவில்லை. 2008இல் குரோம் வந்தபோது டேப்களைத் தனித்தனியாக இயங்க வைத்தார்கள். நினைவகம் கூடுதலாகத்தான் செலவாகும். ஆனால் ஒரு டேப் விழுந்தால் மற்றவை நிற்கும், பாதுகாப்பும் கூடும். வங்கிக் கணக்கு பார்க்கிற எனக்கு அந்த எடை வேண்டும். கூப்பன் எடை வேண்டாம். வேண்டுமென்றால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இளைஞர்களுக்கு இதெல்லாம் ஒரு நொடி எரிச்சல், அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். தினமும் காலையில் கணினியில்தான் பேப்பர் படிப்பார். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு முகப்பு மாறி, பேரன் வரிசையாக வைத்துக் கொடுத்த புக்மார்க் பட்டை காணாமல் போயிற்று. தான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டதாக நினைத்து, கணினிக்குத் துணியைப் போர்த்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம்.

தற்செயலாகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி. மூன்று விசையையும் சேர்த்து அழுத்தினேன், பட்டை வந்துவிட்டது.

“ஏன் தம்பி, நான் எதையும் கெடுக்கலையே?” என்று கேட்டார்.

“இல்லை சார். நீங்க ஒண்ணும் கெடுக்கலை.”