வெண்பன்றிக்கு நார் வேணும், டப்பா அப்புறம்

நம்ம சதுரங்கப்பட்டினம் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறவங்க வாயில் இப்போ புதுசா ஒரு வார்த்தை புழங்குது: ப்ரீபயாட்டிக். டப்பாவில் பவுடராக வருது. தீவனத்தில் ஒரு ஸ்பூன் கலந்தால் குடல் சுத்தமாகும், கறி ருசியாகும் என்று சொல்லி விற்கிறார்கள். சரக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் தலையில் கட்டுகிறார்கள் பாருங்க. மாமல்லபுரம் ஓட்டல்களில் இருந்து மிச்சச் சோறும் பரோட்டாவும் எண்ணெய்க் குழம்பும் டிரம் டிரம்மாக எடுத்துவந்து, தினமும் அதையே கொட்டுகிறவர் தலையில்! நாரே பார்க்காத வயித்துக்கு ஒரு ஸ்பூன் என்னத்தைச் செய்யும்?

இந்தப் பெயரை 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வைத்தார்கள். விஷயம் எளிமையானது. பன்றியால் செரிக்க முடியாத சில நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்கே நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. அது புளிக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்கள் உண்டாகும். குடல் சுவருக்குச் சோறு போடுவது பியூட்டிரேட். அமிலம் கூடினால் கெட்ட கிருமிகளின் ஆட்டம் குறையும். நார் கிடைக்காவிட்டால் பாக்டீரியா சும்மா இருக்காது; புரதத்தை அழுக வைக்கும்.

அந்த அழுகலில் உண்டாகிற ஸ்கேட்டோல் ரத்தம் வழியாகக் கொழுப்பில் போய்த் தங்கும். கறி வேகும்போது வருகிற சாண வாடை அதுதான். டென்மார்க்கில் பன்றிக்குச் சிக்கரி வேர் கொடுத்துப் பார்த்ததில் ஸ்கேட்டோல் குறைந்தது. நாம் காபித்தூளில் வறுத்துக் கலக்கிறோமே, அதே வேர். ஆனால் விதை நீக்காத கிடாவின் வாடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நாருக்கு அடங்காது. சதையின் நிறமும் மென்மையும் பவுடரால் தலைகீழாக மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அங்கே இனமும் வயதும் பேசும். வெட்டுறதுக்கு முன்னாடி பன்றி மிரண்டுச்சா என்பதும் பேசும். ஓட்டல் எண்ணெயைக் கொட்டிக் கொட்டி வளர்த்தால் கொழுப்பு தளதளவென்று இளகித்தான் இருக்கும்.

உலகம் ஏன் நார் பக்கம் திரும்பியது? வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுசாகத் தடை செய்தது. தீவனத்தில் கொலிஸ்டினை 2019இல் இந்தியாவும் தடை செய்தது. மருந்தைக் கொட்டாமல் குடலைக் காப்பாற்ற வழி தேடியபோதுதான் நாருக்கு மவுசு வந்தது. நம்ம ஊரிலோ குட்டி கழிந்தால் இன்னும் முதல் வேலை ஊசி. தொட்டியில் என்ன கிடக்குது என்று யாரும் பார்ப்பதில்லை.

"ஓட்டல் கழிவு இல்லாம கட்டுப்படியாகாது" என்பீங்க. நியாயம்தான், கொடுங்க. ஆனால் மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எறிங்க. ஒரு மணி நேரமாவது கிளறிக் கிளறிக் கொதிக்க வையுங்க. 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வேகாத கறி மிச்சத்திலும் பரவும். அதற்கு மருந்து கிடையாது. கூடவே தவிடு, வேலிமசால், அகத்தி, சக்கரவள்ளிக் கொடி சேருங்க. தவிடு என்று உமியைத் தள்ளிவிடுகிறவரிடம் ஏமாறாதீங்க. உமி புளிக்காது, வெறும் பாரம். சினைப்பன்றி நாரை நல்லா தாங்கும், குட்டி அவ்வளவு தாங்காது. அளவு மீறினால் எடை ஏறாது. அளவு தெரியணும் என்றால் நம்ம மாவட்டத்திலேயே காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பன்றிக்கென்றே ஆராய்ச்சி நடக்கிற இடம். போய்க் கேளுங்க.

பன்றி அசிங்கம் தின்னுது என்று ஊரே மூக்கைச் சுளிக்குது. கொட்டிலில் அடைத்த பன்றி நாம் கொட்டுறதைத்தானே தின்னும்? தொட்டியைச் சரிபண்ணாமல் டப்பா வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற கதை. அதுக்கும் மேலே வாங்கித்தான் தீருவேன் என்கிறவங்க, காசை நீட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் ரெண்டே ரெண்டு கேளுங்க: இதுல என்ன நார் இருக்கு? கிலோவுக்கு எத்தனை கிராம்? பதில் வரலைன்னா பையை மடிச்சிக்கிட்டு வந்துடுங்க.