நிலைக்காசின் நிலை

நொய்யலாற்றங்கரை வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் மண்ணுள்ளிருந்து உரோம வெள்ளிக்காசுகள் குவியலாக வெளிப்பட்டன. பெரும்பாலன அகசுத்தசு, திபேரியசு என்னும் பேரரசர் காலத்தன. கி.பி. 64-இல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். அதன்பின் அடித்த வெள்ளிக்காசு தமிழகத்திற் கிடைப்பது அரிது. பண்டைக் கொங்கு வணிகர் காசின்மேற் பொறித்த தலையை நோக்கவில்லை, உள்ளிருந்த வெள்ளியையே நோக்கினர் என்பது இதனாற் பெறப்படும். கணினியிற் பிறக்கும் காசை இன்று கைக்கொள்வோர் உள்ளீடு யாதென வினவுகின்றனரா?

ஆங்கிலத்திற் 'சுடேபிள் காயின்' எனப்படுவதை நிலைக்காசு எனலாம். பிட்காயின்போல் ஏறியிறங்காது, ஒரு காசு என்றும் ஓர் அமெரிக்கத் தாலருக்கு நிகராய் நிற்கும் என்பதே வெளியிடுவோர் தரும் உறுதி. தாலர் கொடுத்தாற் காசு தருவர்; பெற்ற தாலரை வைப்பகத்திலோ அமெரிக்க அரசின் குறுங்காலக் கடன்முறிகளிலோ இட்டுவைப்பர்; காசைத் திருப்பினால் தாலரைத் திருப்புவர். இடையில் வரும் வட்டி அவர்க்கே! ஆக, நிலைக்காசின் நிலை காசில் இல்லை, ஈட்டுப்பேழையில் உள்ளது.

உரிய பேழை இன்றியும் ஒரு காசு உலவியது. தெர்ரா நிறுவனத்தார், துணைக்காசு ஒன்றைக் கூட்டியும் குறைத்தும் கணக்கு வாய்பாட்டாலேயே தம் காசை நிறுத்துவோம் என்றனர். 2022 மேத் திங்களில் இரண்டும் சில நாள்களிற் சரிந்தன. ஏறத்தாழ 4,000 கோடித் தாலர் மதிப்பு மறைந்தது. பேழை உடைமையும் முழுக்காப்பு அன்று. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வைப்பகம் வீழ்ந்தபோது, யு.எசு.டி.சி. என்னும் காசின் ஈட்டில் 330 கோடித் தாலர் அங்கே சிக்கியது. காசு 0.88 தாலர் அளவுக்கு இறங்கி, வைப்பாளர் பணத்துக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பின்னரே மீண்டது.

அமெரிக்கா 2025 சூலையில், முழு ஈடும் திங்கள்தோறும் கணக்கு வெளியீடும் வேண்டுமெனச் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே நெறி வகுத்தது. இந்திய அரசோ 2022-இல் மின்காசு வருவாய்க்கு 30 விழுக்காடு வரி விதித்தது. ஒரு காசில் இழந்ததை மற்றொன்றின் வருவாயிற் கழிக்கவும் இடந்தரவில்லை. ஈடு எங்குளது, இழந்தார்க்கு யார் பொறுப்பு என்பவற்றுக்கு விடைதரும் தனிச்சட்டம் 2025 முடிய வரவில்லை. சட்டம் செய்தால் ஒப்புதல் அளித்ததாகிவிடும் எனத் தயங்குவோர் உளர். வரி வாங்கும்போது அத்தயக்கம் எங்கே போயிற்று?

திருப்பூர்ப் பாசி நிறுவனத்தை எண்ணுக. அது நிலைக்காசு அன்று. அயல்நாட்டுப் பணவணிகத்தில் பெருவருவாய் தருவதாக மக்களிடம் ஏறத்தாழ 930 கோடி உருபா திரட்டி 2009-இற் கவிழ்ந்தது. கோவை முறைமன்றம் இயக்குநர் இருவர்க்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது 2022-இல். வைப்பாளர் காப்புச் சட்டம் தமிழகத்தில் 1997 முதல் இருந்தும் தீர்ப்புக்குப் பதின்மூன்றாண்டு! கடல்கடந்து பேழை வைத்திருப்பவன்மேல் கோவைக்காரர் எங்கே வழக்கிடுவார்? ஈட்டுக்கணக்கைக் காட்டாத காசை இந்நாட்டில் விற்கலாகாது என்னும் ஒருவரிச் சட்டமேனும் முதலில் வருக.