இருபத்துமூன்று நாள் வட்டி

நாமக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக வாடகை வீடு. ராசிபுரத்தை ஒட்டி இரண்டு சென்ட்டில் ஒரு சின்னத் தார்சு வீடு வங்கி ஏலத்துக்கு வருகிறது என்று பேப்பரில் அறிவிப்பைப் பார்த்ததும், வெட்டியெடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டேன். குறைந்தபட்ச விலை 18,40,000 ரூபாய். கலந்துகொள்ள அதில் பத்தில் ஒரு பங்கு, 1,84,000 ரூபாய், முன்பணம் கட்ட வேண்டும். கையில் 34,000 இருந்தது. மீதிக்கு என் மனைவியின் ஆரமும் வளையல்களும் அடகுக்கடைக்குப் போயின. நூற்றுக்கு ஒன்றரை வட்டி.

ஏலம் வெள்ளிக்கிழமை, இணையத்தில். ஏலத் தளத்தில் என் பெயரில் உள்ள வாலட்டில் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணம் ஏறியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செவ்வாய் காலையிலேயே தளத்தில் சலான் எடுத்து, வங்கிக்குப் போய் நெஃப்ட்டில் அனுப்பினேன். 11.40க்குப் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. பணம் அனுப்பியதற்கான யுடிஆர் எண்ணைச் சலானின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். சாயங்காலம் வாலட்டைத் திறந்தால் பூஜ்யம்.

புதன்கிழமை கடையைத் திறக்கவில்லை. தளத்தின் உதவி எண்ணில், “பணம் வரலை சார், உங்க பேங்க்ல கேளுங்க” என்றார்கள். என் வங்கியில் திரையைத் திருப்பியே காட்டினார்கள். பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏலம் விடும் வங்கிக் கிளைக்கு அடித்தேன். “தளத்துக்காரங்களைத்தான் கேக்கணும்” என்றார் அதிகாரி. ஐந்து மணி ஆயிற்று. வியாழன் காலை பத்தரைக்கு வாலட்டில் 1,84,000 வந்து நின்றது. அதற்குள் என் பெயருக்கு ஏலக் கதவு மூடியிருந்தது.

நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. அரைமணிக்கு ஒரு தொகுதி. தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி பணத்தை வரவு வைக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதித்தால் வட்டி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. ஆனால் அந்த விதி பெறும் வங்கியின் கணக்கில் பணம் ஏறும் வரைக்கும்தான். பொதுக் கணக்கில் வந்து விழுந்த பணத்தை, இது இன்னாருடையது என்று பிரித்து வாலட்டில் ஏற்றுவது தளத்தின் வேலை. என் பணம் அந்த இடத்தில்தான் ஏறத்தாழ இரண்டு நாள் கிடந்தது. அங்கே கடிகாரம் எதுவும் ஓடவில்லை.

ஏலம் கேட்கும் எங்களுக்கு மட்டும் கடிகாரம் கறாராக ஓடுகிறது. வங்கிகள் இப்படி ஏலம் விடுவதற்கான சர்ஃபேசி சட்ட விதிகள்படி, ஏலம் எடுத்தவர் அன்றே, தவறினால் அடுத்த வேலைநாளுக்குள், முன்பணத்தையும் சேர்த்து விலையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். விற்பனை உறுதியானதிலிருந்து பதினைந்து நாளுக்குள் மீதி 75 சதவீதம். எழுத்தில் ஒப்புதல் பெற்றால் மூன்று மாதம் வரை தவணை. கட்டாவிட்டால் கட்டிய பணம் பறிபோகும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 25 சதவீதம் முழுவதையுமே வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லவில்லை. ஏலம் கேட்டவன் பின்வாங்கினால் வங்கிக்கு நஷ்டம். அதே கண்டிப்பு பணத்தை வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் வேண்டாமா?

பணத்தைத் திரும்பக் கேட்டு அந்த வியாழக்கிழமையே விண்ணப்பித்தேன். “பரிசீலனையில் உள்ளது” என்றது தளம். ஆறாம் நாள் ரத்து செய்த காசோலை கேட்டார்கள், அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் அது தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடி அனுப்பினேன். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு புகார் எண் வந்தது; ஒரு மனிதரின் பெயர் வரவில்லை. இருபத்துமூன்றாம் நாள் பணம் வந்தது. அடகுக்கடையில் இருபத்துமூன்று நாளானாலும் ஒரு மாத வட்டிதான். அசலோடு 2,250 ரூபாய் வட்டியும் கட்டி நகையை மீட்டேன்.

அந்த வீட்டுக்கு ஒருவர்தான் கேட்டாராம். குறைந்தபட்ச விலைக்கு மேல் பத்தாயிரத்தில் முடிந்ததாகக் கிளையில் சொன்னார்கள். நான் இருந்திருந்தால் இருபது லட்சம் வரை போயிருப்பேன். அந்த வீட்டை இழந்த குடும்பத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஏலத்தில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர்கள் கடனில் கழியும். கடன் போக மிஞ்சினால் அவர்கள் கைக்கே வர வேண்டிய காசு. ஒருவன் வெளியே நிறுத்தப்பட்டதில் முதலில் நஷ்டப்பட்டது அவர்கள்தான்.

இணைய ஏலமே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். முன்பு கிளையில் சீல் வைத்த கவர் கொடுக்கப் போனால், வாசலிலேயே புரோக்கர்கள் நின்று விலகிக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே கேட்கலாம் என்ற வசதி என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய கதவு. அது திறந்திருக்க வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன்: கெடுவுக்கு முன்பே பணம் கழிந்ததற்கு யுடிஆர் எண் இருந்தால் ஏலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஏலங்களில் கடைசிச் சில நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீள்கிறது. அவ்வளவு நுணுக்கமாக நேரம் பார்க்கத் தெரிந்த மென்பொருளுக்கு, பணம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பார்ப்பது கஷ்டமில்லை.

முன்பணம் திரும்பத் தாமதமானால் நாள் கணக்கில் ஈடு தர வேண்டும். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. யுபிஐயில் ஒருவர் அனுப்பிய பணம் கழிந்தும் பெறுபவருக்குப் போகாவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. கேட்காமலே தர வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. இருநூறு ரூபாய் மளிகைப் பணத்துக்கு உள்ள பாதுகாப்பு, நகையை வைத்துத் திரட்டிய ஒன்றரை லட்சத்துக்கு ஏன் இல்லை?

அதே ராசிபுரம் பக்கம் இன்னொரு வீட்டுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது; முன்பணம் 1,60,000. பணத்தை எத்தனை நாள் முன்னால் அனுப்பினால் போதும் என்று உதவி எண்ணில் கேட்டேன். “முடிஞ்ச வரை சீக்கிரம் அனுப்புங்க சார்” என்றார்கள். ஆரம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.